பிள்ளைக்காம்பராவுக்கு வந்த மூன்று கரி

அடியே,

இன்று காலை ஒரு மனுஷன் வந்து என் வீட்டுத் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினைக் கழற்றிப் பரத்திப் போட்டு, திரும்ப மாட்டிவிட்டுப் போனார். ஹட்டனில் இப்போது பாதி வீட்டுக் குசினியில் இந்த மெஷின் தொங்குகிறது. மகன் வாங்கி மாட்டியது, நான் கேட்கவில்லை. வந்தவர் உள்ளேயிருந்து வெள்ளைக் குழாய் ஒன்றை உருவித் தட்டினார். கறுப்பாக ஒழுகியது. "கரி முடிஞ்சிருச்சு டீச்சர். இதுக்கு மேல வச்சிருந்தீங்கன்னா இதுவே அழுக்கு" என்றார். புதியதைப் போட்டு, மேலே ஒரு தாளை ஒட்டி, அடுத்து எந்த மாதம் மாற்ற வேண்டும் என்று பேனாவால் எழுதினார்.

எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு ஒரு வாய் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. அவர் என்ன செய்தார், பாவம்! அன்றைக்கு நம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்ற தண்ணீர்ப் பெரலில் இப்படி ஒரு திகதியை எழுதி ஒட்ட எவனுக்கும் கை வரவில்லையே என்பதுதான் எனக்கு. எவனுக்கும் என்று எழுதிவிட்டேன். எனக்கும் வரவில்லை. விஞ்ஞானம் படித்தவள் அங்கே நான் ஒருத்திதான் நின்றேன்.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. நெஞ்சு வலிக்கிறது என்றாய், லொறியில் ஏற்றினார்கள், டிக்கோயா தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டியதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தாவது சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குக்கூட நீ இடம் கொடுக்கவில்லை. எப்போது நான் அந்தப் பேச்சை எடுத்தாலும் "அத விடுடி, தேங்காச் சம்பல் இருக்கு, சாப்புடு" என்று வாயை அடைப்பாய். இப்போது நீ அடைக்க முடியாது. நான் சொல்லித் தீர்க்கப் போகிறேன், நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நாம் இரண்டு பேரும் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில், ஒரே வரிசை லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் பிறந்தவர்கள். உன் வீட்டு அடுப்பில் கருவாடு சுட்டால் எங்கள் காம்பராவில் சோறு இறங்கும். எட்டாம் வகுப்போடு நீ கொழுந்துக்கூடையை மாட்டினாய். நான் தொடர்ந்து படித்தேன், தொண்ணூறுகளின் நடுவில் நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே விஞ்ஞான டீச்சராக வந்தேன். அதற்குள் நீ கொழுந்து மலையிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு ஆயாவாக வந்திருந்தாய். மலைக்குப் போகும் தாய்மார் விடிந்ததும் கொண்டுவந்து விடுகிற இருபது முப்பது குழந்தைகளுக்கு நீதான் பகல் முழுக்க அம்மா. சேலையைப் பிழிந்து கட்டிக்கொண்டு, ஒன்றைத் தொட்டிலில் ஆட்டி, ஒன்றை இடுப்பில் வைத்து, இன்னொன்றின் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கண்டதும், "வாங்க வாங்க, படிச்ச அம்மா வாறாங்க, எல்லாரும் எழும்பி நில்லுங்க!" என்பாய். நடக்கத் தெரியாததுகள் எங்கே எழும்பி நிற்பது?

அந்தக் காலத்திலேயே நமக்குள் சண்டை கரியில்தான் தொடங்கியது, நினைவிருக்கிறதா? நீ தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, அடுப்பில் அணைந்த கரித்துண்டு இரண்டைக் கழுவி அதில் போட்டு மூடுவாய். மேலே மலையில் புல்லுக்கு மருந்து அடித்து மழையும் பெய்தால், மலை ஊற்றிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீரில் ஒரு நாற்றம் வரும். கரி அதைக் கொஞ்சம் இழுக்கும் என்பது உன் கணக்கு. நான் சிரித்தேன். "அடுப்புக்கரி சோறாக்கத்தான்டி லாயக்கு. அது எதையும் இழுக்காது" என்றேன். அது முழுப் பொய். கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம்தான் இழுக்கும், ஆனால் இழுக்கும். கொதிக்க வைத்த பிறகு போடுகிறாய் என்பதுதான் முக்கியம் என்று என் மண்டையில் அன்றைக்கு ஏறவில்லை.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷத்தில், தண்ணீர்த் திட்டம் என்று ஒரு தொண்டு நிறுவனக் குழு வந்தது. பிள்ளைக்காம்பரா வாசலில் நீலப் பெரல் ஒன்றை நிறுத்தினார்கள். அடியில் கூழாங்கல், அதற்கு மேல் மணல், நடுவில் ஒரு முழ உயரத்துக்குக் கறுப்புக் குருணை. கூட வந்தவர் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், மெலிந்த மனிதர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டோர்ச் வைத்திருப்பார். அவர் பேசியது நம் சனங்களுக்குப் பாதி புரியவில்லை. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எடுத்துச் சொல்வது என்று ஏற்பாடு.

"இஞ்ச பாருங்கோ, இது உங்கட அடுப்புக்கரி இல்லை" என்று அவர் ஒரு கை குருணையை அள்ளிக் காட்டினார். "சிரட்டைக்கரியைத் திருப்பியும் சூளையில போட்டு, நல்ல சூடான நீராவி அடிச்சு எடுத்தது. அதால உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் கோடிக்கணக்கில திறந்திருக்கு. தண்ணியில கிடக்கிற மருந்து, மணம், நிறம் எல்லாம் அந்த ஓட்டைச் சுவரில ஒட்டிக்கொள்ளும்."

அதை நான் நன்றாகவே சொன்னேன். இடியப்பத்தட்டில் எத்தனை ஓட்டை, அதைப் போல ஒரு குருணைக்குள் என்றேன். பெண்கள் சிரித்தார்கள். பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டு போன வித்தை. அடி வெட்டிய மூன்று பிளாஸ்டிக் போத்தல்களைக் கவிழ்த்துப் பிடித்து, கழுத்தில் பஞ்சு அடைத்து, ஒன்றில் மணல், ஒன்றில் உன் அடுப்புக்கரிப் பொடி, ஒன்றில் அந்தக் குருணை. மூன்றிலும் நீல மை கலந்த தண்ணீரை ஊற்றினேன். மணலில் நீலமாகவே வந்தது. அடுப்புக்கரியில் சாம்பல் பூத்த வெளிர் நீலம். குருணையில் மழைத்தண்ணீர் மாதிரி வெள்ளையாக வந்தது. சனம் கை தட்டியது! மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளைகூடத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு குனிந்து பார்த்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஐயா சொன்னார்: "ஒன்று விளங்கிக்கொள்ளோணும். இது கிருமியைப் பிடிக்காது. பிள்ளையளுக்குக் கட்டாயம் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கோணும். கரி நிரம்பினா மாத்தோணும், அதுக்கு நாங்கள் வருவம்."

கிருமியையும் கொதிக்க வைப்பதையும் பற்றி அவர் சொன்னதை நான் எடுத்துச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லி வந்தேன். மறக்கவில்லை. கையில் அந்த வெள்ளைத் தண்ணீரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். இப்போது போய் 'இதையும் காய்ச்சத்தான் வேண்டும்' என்றால் வித்தையின் மானம் போய்விடும் என்று பட்டது. "ஐயா வந்து கரியை மாத்துவாங்களாம்" என்பதை மட்டும் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தேன்.

நீ ஒருத்திதான் பின்னாலேயே வந்தாய். "அந்த ஐயா கொதிக்க வைன்னு சொன்ன மாதிரி இருந்துச்சே?"

"அது பழைய தண்ணிக்குத்தான்டி."

"எனக்கென்னமோ மனசு ஒப்பல. நான் கொதிக்க வச்சே குடுக்குறேன்."

"விறகுதான் கேடு. உன் இஷ்டம்" என்றேன்.

உன் இஷ்டப்படியே செய்தாய். அந்தப் பிடிவாதம் இருந்ததால்தான் ஒரு கேடும் வரவில்லை. ஒரு வருஷம் போனது. மருந்து அடித்த வாரத்தில் பெரல் தண்ணீரில் மறுபடியும் நாற்றம் வந்தது. கரி நிரம்பிவிட்டது, இடியப்பத்தட்டின் ஓட்டையெல்லாம் அடைபட்டுவிட்டது. நான் குழுவுக்குக் கடிதம் போட்டேன். இரண்டு போட்டேன். மூன்றாவதைப் பதிவுத்தபாலில் போட்டேன். டெலிபோனில் ஒரு பிள்ளை எடுத்து, அந்த ஐயா இப்போது அங்கே இல்லை, திட்டம் முடிந்துவிட்டது என்றது. திட்டம் முடிந்தது அவர்களுக்கு. பெரல் நம் வாசலில் நின்றுகொண்டிருந்தது. சிரட்டை எரித்துக் கரி செய்யத் தெரிந்த நாட்டில், அந்தக் கரியைக் கப்பலில் ஏற்றி விற்கிற நாட்டில், ஒரு பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு மூட்டை கிடைக்கவில்லை என்றால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது சொல்?

அதற்குப் பிறகு வந்ததுதான் மூன்றாவது கரி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான். கண்டியிலிருந்து விவசாய உத்தியோகத்தர் ஒருவர் வந்தார், சிங்களப் பிள்ளை, தமிழைத் தட்டித் தடுமாறிப் பேசினாலும் மனசு வைத்துப் பேசுவாள். பயோசார் என்றாள். காற்று அதிகம் படாமல் குழிக்குள் குச்சிகளைக் கருக்கி, தண்ணீர் தெளித்து அணைத்து, மாட்டெருவும் மூத்திரமும் கலந்து ஊறவைத்து மண்ணில் புதைக்க வேண்டும். மழை அடித்து உரத்தைக் கழுவிக்கொண்டு போகிற சரிவு மண்ணுக்கு அது பிடிமானம். "நுண்ணுயிர் எல்லாம் இதுக்குள்ள வீடு கட்டும் டீச்சர். அதுக்கு நல்ல வீடு, மண்ணுக்கு நல்ல சாப்பாடு" என்று சிரித்தாள். இதை நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கரும்பலகையில் படம் போட்டுக் கற்பித்தேன். கரிக்குள் அறை அறையாக வரைந்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு கிருமியைக் குடிவைத்தேன். நான் வரைந்த படம், என் கை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள், நான் இரண்டையும் கெடுத்தேன்.

குழிக்கு என்ன போடுவது? கவ்வாத்து மிலாறுதான். தேயிலைச் செடியை வெட்டித் தள்ளிய அந்தக் குச்சிகள் லயத்துப் பெண்களின் விறகு. கவ்வாத்து நடக்கிற மலையில் யார் எந்த வரிசை மிலாறைக் கட்டுவது என்று அடிதடியே நடக்கும். நான் மாதர் சங்கத்தைக் கூட்டி, பாதி மிலாறைக் குழிக்குக் கொடுக்க வைத்தேன். லயத்துக்குப் பின்னால் லீக்ஸும் போஞ்சியும் கோவாவுமாக மரக்கறி போட்டோம். அவ்வளவு செழிப்பு! கோவா ஒவ்வொன்றும் பானை மாதிரி உருண்டது. பயோசார் பொய் இல்லை, அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை, மண்ணுக்கு அது நல்லதுதான். எங்கே போட வேண்டியதை எங்கே போட்டேன் என்பதில்தான் என் புத்தி புல் மேயப் போனது.

அந்த வருஷம் கார்த்திகை மழையில் உனக்கு விறகு இல்லை. பிள்ளைக்காம்பராவுக்குத் தோட்டம் கொடுக்கிற விறகு பால்மாவுக்கும் கஞ்சிக்கும்தான் கண்டது. மிச்சத்துக்கு நீ மிலாறைத்தான் நம்பியிருந்தாய், அதைத்தான் நான் குழிக்குள் போட்டிருந்தேன். பின்னேரம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு ஆற்றோரம் வரை போய் ஈரக்குச்சி பொறுக்கி வந்தாய். உன் கால் வெடித்திருந்தது. ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டாய்.

"பெரல் தண்ணி நாறுது, விறகும் இல்ல. நான் என்னா செய்ய, சொல்லு."

எனக்குப் பெருமையாக ஒரு யோசனை உதித்தது. குழியிலிருந்து எரு கலக்காத கரியாகப் பார்த்து இரண்டு சாக்கு எடுத்தோம், பீலியில் கழுவினோம், பழைய குருணையை அள்ளிக் கொட்டிவிட்டுப் பெரலில் இதை நிரப்பினோம். நாற்றம் குறைந்தது. தண்ணீரும் தெளிந்தது. நீ முகர்ந்து பார்த்து, "அட, ஆமாடி!" என்றாய்.

"சொன்னேன்ல? இனிமே காய்ச்சிக்கிட்டுக் கிடக்காத. கண்ணாடி மாதிரி இருக்கு பாரு."

"நெசமாவா சொல்ற?"

"நான் சயன்ஸ் டீச்சரா, நீ சயன்ஸ் டீச்சரா?"

நீ சிரித்தாய். என் பேச்சை உன் வாழ்க்கையில் நீ முழுதாகக் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஏன்டி கேட்டாய்? வேறு எதற்குமே கேட்காதவள்! கலியாணத்துக்கு நான் வேண்டாம் என்ற ஆளைக் கட்டினாய், கொழும்புக்குப் போகாதே என்றதற்குப் போய்விட்டு வந்தாய். இதற்கு மட்டும் ஏன் தலையை ஆட்டினாய்?

ஐந்தாறு வாரம்தான். முதலில் ராஜாத்தியின் மகன், கண் மஞ்சள், மூத்திரம் மஞ்சள். பிறகு இரட்டைப்பிள்ளைகள் இரண்டும். பிறகு வரிசையாக ஒன்பது குழந்தைகள். எல்லாம் பிழைத்தன, அதைச் சொல்லித்தான் நான் மூச்சு விடுகிறேன். ராஜாத்தியின் மகன்தான் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து எலும்பும் தோலுமாக வந்தான்.

சுகாதாரப் பரிசோதகர் வந்து பெரலைத் திறந்தார். சிங்களத்தில் உன்னிடம், "வத்துர உணு கரலத துன்னே?" என்றார். தண்ணீரைச் சுட வைத்துத்தான் கொடுத்தாயா என்று. நீ இல்லை என்று தலையாட்டினாய். அவர் கையை விட்டு ஒரு பிடி கரியை எடுத்து நீட்டினார். வழவழவென்று பாசி பிடித்த மாதிரி இருந்தது. பீலிக்கு மேலே புதிதாகக் கட்டிய கக்கூசுக் குழியிலிருந்து கசிவு வந்திருக்கிறது, இங்கே கரி அதற்குத் தங்கும் மடமாக இருந்திருக்கிறது என்றார். நான் பக்கத்தில் நின்றேன். கரும்பலகையில் நான் வரைந்த அறைகள் கண்ணில் வந்தன. வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், எல்லாரும் கூடையோடு பேர் கொடுக்க நிற்கையில், கணக்கப்பிள்ளை உன்னைக் கூப்பிட்டார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நின்றேன்.

"தண்ணியக் காய்ச்ச வேணாம்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. விறகு இல்லீங்க. நானாத்தான் நிப்பாட்டினேன்."

"பெரல்ல கண்ட கரியப் போட்டது?"

"அதுவும் நான்தானுங்க."

இப்போதும் நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. நீ ஒருமுறை என் பக்கம் பார்த்தாய், உடனே திரும்பிக்கொண்டாய். அந்தக் கணத்தில் நான் ஒரு அடி முன்னால் வந்து, "நான் சொல்லித்தான்" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். என் வாயில் என்ன, கொழுக்கட்டையா இருந்தது? அரசாங்கச் சம்பளக்காரி நான். தோட்டம் என்னை ஒரு மயிரும் பிடுங்கியிருக்க முடியாது. அடுத்த மாதம் பள்ளிக்கூட அதிபர் தரத்துக்கு நேர்முகப் பரீட்சை இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

"நாளையிலிருந்து கொழுந்துக்குப் போ" என்றார் கணக்கப்பிள்ளை.

அன்று பின்னேரம் உன் காம்பராவுக்கு வந்தேன். நீ பழைய கூடையின் கயிற்றை மாற்றிக்கொண்டிருந்தாய். நான் அழுதேன். நீ கயிற்றைப் பல்லால் இழுத்துக்கொண்டே, "எதுக்கு ஒப்பாரி வைக்கிற? உன் பேரச் சொன்னா என்னை விட்டுருவாங்களா? என்னையும் தூக்குவாங்க, உன் பேரும் நாறும். நம்ம லயத்துல இருந்து ஒருத்தி டீச்சராயிருக்கா. அதுவும் போவணுமா?" என்றாய்.

யாரடி உன்னிடம் இந்தத் தியாகம் கேட்டது? நீ என்னைக் காப்பாற்றவில்லை. வாயைக் கட்டிப் போட்டுவிட்டுப் போனாய். நீ ஏசியிருந்தால், தலைமயிரைப் பிடித்து இழுத்திருந்தால், அன்றோடு தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு எத்தனை வருஷம், மழையிலும் அட்டையிலும் வெடித்த காலோடு மலை ஏறினாய்! நான் அதிபரானேன். ஹட்டனில் வீடு கட்டினேன். தீபாவளிக்குச் சேலை எடுத்துக்கொண்டு வந்தால், "இதெல்லாம் எதுக்குடி" என்று வாங்கி மடித்து வைப்பாய்.

இப்போது சொல்கிறேன், கேள். போன மாதம் உன் மகள் சுமதி என்னைத் தேடி வந்தாள். முன்பள்ளிப் பயிற்சி முடித்துவிட்டாள். நம் பிள்ளைக்காம்பராவில் இடம் விழுந்திருக்கிறது, விண்ணப்பம் போட்டிருக்கிறாள். என்னிடம் நற்சான்றிதழ் கேட்டு வந்தவள், நாற்காலி நுனியில் உட்கார்ந்து அழுதாள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் நாலு பேர் காதில் விழும்படி சொன்னாராம்: "தண்ணிகூடக் காய்ச்சாத கைக்கு மறுபடியும் பிள்ளைகளக் குடுக்கிறதா? தாயப் போலதானே மகளும் இருக்கும்?"

"அம்மா சோம்பேறியா சின்னம்மா? நீங்கதானே கூட இருந்தீங்க" என்றாள்.

நான் சொல்லிவிட்டேன். மை, குருணை, குழி, கண்ணாடித் தண்ணீர், எல்லாம். சான்றிதழை எழுதி நீட்டினேன். வாங்கி மடித்துப் பையில் வைத்தாள்.

"இத எங்கிட்டச் சொல்லி என்னா ஆவப்போவுது? சொல்ல வேண்டிய எடம் வேற இருக்கே, டீச்சர்" என்றாள்.

சின்னம்மா என்று வந்தவள் டீச்சர் என்று போனாள்.

தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம், ஒன்றையும் மறைக்காமல். தோட்டத்து ஒபீசுக்கு நானே கொண்டு போனேன். பெரிய கிளாக்கர் நின்றபடியே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "டீச்சர், அந்தத் துரைக்கு அப்புறம் மூணு துரை மாறியாச்சு. இதுக்கு ஃபைலே கிடையாதுங்களே. வேலையை விட்டு நிப்பாட்டல, இடம் மாத்தினதுதானே, அதெல்லாம் பெரட்டுல வாயால சொல்றதோட சரி. இத எதுல கொண்டு போய் வைக்கச் சொல்றீங்க?" என்றார். மரியாதையாகத்தான் திருப்பிக் கொடுத்தார். உனக்கு இத்தனை வருஷம் கெட்ட பேர், அதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை! காகிதத்தில் இருந்தால் நான் சிவப்பு மையால் அடித்துத் திருத்தியிருப்பேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே.

வாயால் சொன்னதை வாயால்தான் எடுக்க வேண்டும். போன திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி, பனி விலகுவதற்கு முன்னால் பெரட்டுக்களத்துக்குப் போனேன். இப்போதைய கணக்கப்பிள்ளை என்னிடம் படித்தவன். இரண்டு நிமிஷம் தா என்றேன். முன்பு நூறு பேர் நின்ற இடத்தில் முப்பது பேர்தான் நின்றார்கள், பாதிப் பேர் பழையவர்கள். சொன்னேன். அடுப்புக்கரி என்ன செய்யும், நீராவி அடித்த சிரட்டைக்கரி என்ன செய்யும், மண்ணுக்குப் போடுகிற கரி என்ன செய்யும், மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவள் நான், தெரிந்தும் சொல்லாதவள் நான், காய்ச்சாதே என்றது நான், பெரலில் போட்டது நான் என்றேன்.

கூடைக் கயிற்றைச் சரி செய்யும் சத்தம் மட்டும் கேட்டது. தலைவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். சுமதிக்கு வேலை கிடைக்குமா என்று எனக்கு இன்னும் தெரியாது. பார்க்கலாம் டீச்சர் என்றார் தலைவர், அவ்வளவுதான்.

பிறகு ராஜாத்தி முன்னால் வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது அவளுக்கு. "டீச்சர், அன்னைக்கு எம்புள்ள ஆஸ்பத்திரியில கெடக்கையில, நான் அவ வாசல்ல போயி ரெண்டு கையாலயும் மண்ண வாரித் தூத்திட்டு வந்தேன். நீ நாசமாப் போவன்னு. அவ கதவோரமா நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. ஒரு வார்த்த பேசல. இப்ப நான் அத என்னா செய்ய?"

இது எனக்குத் தெரியாது. நீ சொல்லவேயில்லை.

"என்னைத் தூத்து ராஜாத்தி" என்றேன். "இப்பவே தூத்து. இந்தா, நிக்கிறேன். நாசமாப் போன்னு சொல்லு. நீங்க எல்லாருமே ஏசுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். என் சேலையைப் பார்த்தாள். "உங்களப் போயி எப்புடிங்க டீச்சர்" என்றாள். "எங்க புள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தவங்க. வாய் வர மாட்டேங்குதுங்களே."

கணக்கப்பிள்ளை விசிலை ஊதினான். கூடையை மாட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியாக என்னைக் கடந்து போனார்கள். போகையில் எல்லாரும், ராஜாத்தியும்தான், இரண்டு கையையும் கூப்பி, "போயிட்டு வாறோம் டீச்சர்" என்றார்கள். உன்னை ஏச இந்தத் தோட்டம் முழுக்க வாய் இருந்தது. என்னை ஏச ஒரு வாய் இல்லை. முப்பது கும்பிடையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தேன்டி, இன்னும் இறக்கி வைக்க இடம் கிடைக்கவில்லை.